"ஒரு ஸ்க்ரூகூட மாற்றவில்லை" என்கிறார் ஓனர்: ஆக்டேவியா ஆர்எஸ் 230 எடுக்கலாமா?

நொய்யல்காரன் | கோவை

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 ஒன்று ஈரோட்டில் விலைக்கு வந்திருக்கிறது. 2018 பதிவு, வெள்ளை, முதல் ஓனர், 51 ஆயிரம் கி.மீ. ஓனர் ஒரு டாக்டர். "கம்பெனியில் இருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்கு, ஒரு ஸ்க்ரூகூட மாத்தலை" என்கிறார். போனில் பேசிய வரை நிதானமான மனிதர்தான்.

சென்னையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. சிவப்பு, இரண்டாவது ஓனர், ஸ்டேஜ் 2 ரீமேப் (பவர் கூட்ட இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றி எழுதுவது), மாற்று டவுன்பைப் (டர்போவில் இருந்து புகை வெளியேறும் பைப்), மாற்று இன்டேக் (காற்று உள்ளே போகும் பைப்). அது ஈரோட்டுக் காரைவிட இரண்டரை லட்சம் குறைவு.

எனக்கு ஸ்டாக் கார்தான், அதாவது கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கும் கார்தான் ஆசை. 230 பிஎஸ் பவர், 350 என்எம் டார்க், 6.8 நொடியில் நூறு கி.மீ. வேகம். வீட்டில் அம்மாவும் ஏறி உட்காரும் காருக்கு இது தாராளம். என் கேள்வி இரண்டு. ஸ்டாக் என்று சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது? அதற்காக இரண்டரை லட்சம் அதிகம் கொடுப்பது நியாயமா?

பூஸ்ட் பிரியன் | சென்னை

சிவப்பை எடுங்க ப்ரோ. அந்த ஓனர் ஏற்கனவே செலவு செய்துவிட்டார், அந்தப் பணம் உங்களுக்கு மிச்சம். இந்தக் காரில் இருக்கும் இஏ888 இன்ஜின் ஸ்டாக்கில் பாதித் தூக்கத்தில் இருக்கிறது. நல்ல டியூனரிடம் ரீமேப் போட்ட காரை ஒரு முறை ஓட்டிவிட்டால் அப்புறம் ஸ்டாக் பக்கமே போகமாட்டீர்கள். ஸ்டாக் என்பதற்காகக் கூடுதல் காசு கேட்பதெல்லாம் இந்த ஒன்றிரண்டு வருடங்களாகக் கிளம்பிய ஃபேஷன்.

ஸ்பேனர் அண்ணாச்சி | திருப்பூர்

நொய்யல் தம்பி, சென்னைக் காரைப் பற்றி அப்புறம் பேசலாம். ஈரோட்டுக் காரை முதலில் பார்ப்போம்.

ஸ்டாக் என்று விற்பனைக்கு வருவதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, உண்மையிலேயே யாரும் கை வைக்காதது. இன்னொன்று, விற்பதற்காகத் திரும்ப ஸ்டாக் ஆக்கப்பட்டது. இன்டேக், டவுன்பைப், வீல் எல்லாவற்றையும் கழற்றித் தனியாக விற்றால் அதற்கொரு காசு. ஒரிஜினல் பார்ட்டை மாட்டிக் காரை விற்றால் அதற்கொரு காசு. என் ஷெட்டுக்கு வரும் ஜெர்மன் வண்டிகளில் இந்த இரண்டாவது ரகம் அடிக்கடி வருகிறது. வெளியில் நின்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

பானெட்டைத் திறந்ததும் ஹோஸ் கிளாம்ப்களைப் பாருங்கள். கம்பெனியில் போடுவது பெரும்பாலும் ஸ்பிரிங் கிளாம்ப். டர்போவுக்குப் போகும் பைப்பிலோ இன்டர்கூலர் பைப்பிலோ ஸ்க்ரூ வைத்து முறுக்கும் கிளாம்ப் இருந்தால் யாரோ அதைக் கழற்றியிருக்கலாம். ஏன் என்று கேளுங்கள், பதில் முக்கியம். ஏர் ஃபில்டர் பெட்டியின் ஸ்க்ரூ தலைகள் தேய்ந்து போயிருந்தால் சர்வீஸ் தேவைக்கு மேல் திறந்து மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். காரை லிஃப்டில் ஏற்றி எக்ஸாஸ்டைப் பாருங்கள். ஏழு வருட பைப் பழுப்பேறி இருக்க, டவுன்பைப் நட்டு மட்டும் பளபளவென்று இருந்தால் கதை முடிந்தது.

பலர் பார்க்க மறக்கும் இடம் இக்னிஷன் காயிலும் ஸ்பார்க் பிளக்கும். ரீமேப் போடும்போது ஆடி ஆர்8 காரின் சிவப்புத் தலை காயிலும், கொஞ்சம் குளிர்ந்த ரகப் பிளக்கும் (சூட்டைச் சீக்கிரம் கடத்துவது) மாற்றுவது வழக்கம். சாஃப்ட்வேரைத் திரும்ப ஸ்டாக்குக்குக் கொண்டுபோகிறவர்கள் பிளக்கை அப்படியே விட்டுவிடுவார்கள். ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்ட் நம்பரைப் பாருங்கள்.

அப்புறம் ஸ்கேன். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியுவில் எத்தனை முறை சாஃப்ட்வேர் எழுதப்பட்டிருக்கிறது என்ற எண்ணிக்கை இருக்கும். அது கூடியிருந்தாலே ரீமேப் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், சர்வீஸ் சென்டர் அப்டேட் போட்டாலும் கூடும். கூடாமல் இருந்தாலும் நிம்மதி அடையாதீர்கள், அந்த எண்ணைத் தொடாமலே ஃபைல் ஏற்றும் வித்தை தெரிந்த டியூனர்கள் இருக்கிறார்கள். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சர்வீஸ் சிஸ்டத்தில் டிடி1 என்று ஒரு குறியீடு உண்டு. இசியு சாஃப்ட்வேரில் வெளியார் கைவைத்தது தெரிந்தால் அந்தக் காரின் கணக்கில் அது ஏறிவிடும். சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் நம்பர் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள், ஓனரே கேட்டால் சொல்வார்கள்.

ரெடினெஸ் மானிட்டர்களையும், அதாவது கார் தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று ஸ்கேனரில் காட்டும் பட்டியலையும் பாருங்கள். எல்லாம் 'முடியவில்லை' என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் ஃபால்ட் கோடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

செட்டிப்பாளையம் கரி டிராக் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஆகவே இதையும் கவனியுங்கள்: பிரேக் டிஸ்க் நீலம் பாய்ந்திருக்கிறதா, டயரின் தோள் பகுதி மட்டும் கரடுமுரடாகத் தேய்ந்திருக்கிறதா, பம்பரில் டோ ஹூக் (காரை இழுக்கும் கொக்கி) மூடியைச் சுற்றிக் கீறல் இருக்கிறதா. டிராக்கில் ஓட்டியது குற்றமில்லை. ஓட்டிவிட்டு "டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போன கார்" என்றால்தான் சிக்கல்.

ஆர்சி புக் | மதுரை

அண்ணாச்சி இரும்பைப் பார்த்துவிட்டார், நான் காகிதத்தைப் பார்க்கிறேன்.

இன்வாய்ஸ், இரண்டு சாவி, சர்வீஸ் பில்கள், இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விவரம். இவை நான்கையும் கேளுங்கள். வங்கிக் கடன் இருந்தால் ஆர்சியில் ஹைப்பாதிகேஷன் (வங்கியின் அடமானக் குறிப்பு) நீங்கியிருக்க வேண்டும். அதற்குப் படிவம் 35-ம், கடன் பாக்கி இல்லை என்ற வங்கியின் என்ஓசியும் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இ-சலான் பாக்கி இருக்கிறதா என்று பரிவாஹன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் தெரிந்துவிடும். 230 பிஎஸ் காருக்கு வேக சலான் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நோ கிளெய்ம் போனஸ் விற்பவரோடு போய்விடும், காரோடு வராது. "50 சதவிகிதம் என்சிபி இருக்கு சார்" என்று சொல்லி யாராவது விலையைக் கூட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இப்போது அந்தச் சிவப்புக் கார். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தில் இருந்து வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் அதை உறுதி செய்துவிட்டது. சாலையில் தினமும் யாரும் நிறுத்திக் கேட்கமாட்டார்கள், உண்மை. ஆனால் பெரிய கிளெய்ம் ஒன்று வரும்போது சர்வேயர் கேட்பார்.

சென்னைக் கார் என்றால் இன்னொன்றும் பார்த்தே ஆக வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் எத்தனை கார்கள் மிதந்தன என்று எல்லோரும் பார்த்தோம். டோட்டல் லாஸ் (பழுது பார்க்கக் கட்டுப்படியாகாது) என்று இன்ஷூரன்ஸில் எழுதப்பட்டவை ஏலத்தில் போய், துடைத்து மெருகேறித் திரும்பச் சந்தைக்கு வந்திருக்கின்றன. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள், கடைசி ஒரு சாண் நீளத்தில் சேற்றுக் கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் ரெயில் போல்ட், ஸ்டெப்னி பள்ளம், தரை கார்ப்பெட்டுக்குக் கீழே உள்ள வயர் கனெக்டர் மூன்றிலும் துரு தேடுங்கள். கேரளப் பதிவு என்றால் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தை நினைவில் வையுங்கள்.

மலைக்கோட்டை | திருச்சி

அதே சந்தோஷத்தைப் பாதிக்கும் குறைவான விலையில் ஃபியட்டின் பன்டோ அபார்த் தருமே? 145 பிஎஸ், மேனுவல் கியர், ஸ்டியரிங்கில் உண்மையான உணர்வு.

ஆர்சி புக் | மதுரை

தரும். ஒரு ஹெட்லைட் உடைந்தால் அடுத்த ஹெட்லைட் வரும்வரை பஸ்ஸில் போகும் சந்தோஷத்தையும் சேர்த்துத் தரும். நொய்யல் கேட்டது ஆர்எஸ், இழையைத் திசை திருப்ப வேண்டாமே.

பூஸ்ட் பிரியன் | சென்னை

அண்ணாச்சி சொன்ன சோதனை முறை எதிலும் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஸ்டாக் என்றால் நல்ல கார், ரீமேப் என்றால் கெட்ட கார் என்ற முடிவுக்கு எல்லோரும் அவசரமாகப் போகிறீர்கள்.

ரீமேப் போடுகிறவன் காரைக் காதலிப்பவன். கம்பெனி 15 ஆயிரம் கி.மீ. என்று சொன்னாலும் பாதியிலேயே ஆயில் மாற்றுவான். ஓடும்போது இன்ஜின் அளவுகளைப் பதிவு செய்யும் டேட்டா லாக் எடுப்பான். ஒரு சின்னச் சத்தம் வந்தால் இரவு தூங்கமாட்டான். ஸ்டாக்காக வைத்திருக்கும் டாக்டர்? வீட்டில் இருந்து ஆஸ்பத்திரிக்கு மூன்று கி.மீ., திரும்ப மூன்று கி.மீ. இன்ஜின் சரியாகச் சூடாகக்கூட நேரமில்லை. வருடத்துக்கு ஆறாயிரம் கி.மீ. ஓட்டிவிட்டு "இன்னும் சர்வீஸ் கி.மீ. வரலையே" என்று இரண்டு வருடம் ஒரே ஆயிலில் ஓட்டியிருப்பார். டர்போ இன்ஜினுக்கு இதைவிட மோசமான வாழ்க்கை கிடையாது. எது நன்றாகப் பராமரித்த கார்?

ஸ்பேனர் அண்ணாச்சி | திருப்பூர்

பிரியன் தம்பி சொல்வதில் பாதிக்கு மேல் சரி. கி.மீ. குறைவு என்பதற்காக ஏமாறக் கூடாது. ஆயில் மாற்றிய தேதிகளைத்தான் பார்க்க வேண்டும், வருடத்துக்கு ஒரு பில் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஆனால் நான் ஸ்டாக் காரைச் சிபாரிசு செய்வது அது புனிதமானது என்பதற்காக இல்லை. அதை அளந்து பார்க்கக் கையில் ஒரு கோல் இருக்கிறது. இந்த நேரத்தில் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) இவ்வளவு இருக்க வேண்டும், இந்த இடத்தில் இந்தப் பார்ட் நம்பர் இருக்க வேண்டும், கியர் ஆயில் இத்தனை கி.மீ.யில் மாறியிருக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் கம்பெனி எழுதிவைத்த எண் உண்டு. ஒப்பிட்டுப் பார்த்தால் எங்கே விலகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். சென்னைச் சிவப்பில் பூஸ்ட் அளவு அதிகமாக இருந்தால் அது டியூனா, கோளாறா? டியூன் ஃபைல் எழுதியவருக்குத்தான் தெரியும். அவர் இன்று ஊரில் இருக்கிறாரா?

இன்னொன்று கியர்பாக்ஸ். ஆர்எஸ் 230-ல் இருப்பது ஆறு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்), ரகம் டிக்யூ250. எண்ணெயில் நனையும் கிளட்ச், போலோ ஜிடி டிஎஸ்ஐயில் தலைவலி கொடுத்த ஏழு கியர் உலர் கிளட்ச் இல்லை. நல்ல பெட்டிதான். ஆனால் கம்பெனி 350 என்எம்மோடு நிறுத்தியதற்கு இந்தப் பெட்டியும் ஒரு காரணம். ஸ்டேஜ் 2 ஃபைல் அதற்கு மேலே வெகுதூரம் போகும். பெட்டி உடனே உடையாது. கிளட்ச் பேக் மெல்லத் தேயும், அந்தத் தேய்மானத்தின் பில் மூன்றாவது ஓனருக்கு வரும். அந்த மூன்றாவது ஓனராகத்தான் நம் நொய்யல் தம்பி போகப் பார்க்கிறார்.

வைகைப் புயல் | தேனி

குளிர்ந்த ஸ்டார்ட்டை யாரும் சொல்லவில்லையே. என் மைத்துனர் பழைய ஸ்கோடா லாரா ஆர்எஸ் ஒன்றை யூஸ்டு கார் கடையில் பார்த்தார். போனபோதெல்லாம் இன்ஜின் சூடாகவே இருந்தது, "இப்பதான் சார் கழுவறதுக்கு எடுத்தோம்" என்பார்கள். ஒரு நாள் சொல்லாமல் காலையில் கடை திறக்கும்போதே போய் நின்றார். ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி கலகலவென்று ஒரு சத்தம். அந்தத் தலைமுறை 1.8 டிஎஸ்ஐயில் டைமிங் செயின் டென்ஷனர் பலவீனம் என்பது தெரிந்த விஷயம்தான். அது தோற்றால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். காரை விட்டுவிட்டு வந்துவிட்டார்.

ஆர்எஸ் 230-ல் இருப்பது மூன்றாம் தலைமுறை இன்ஜின், அந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்தது. ஆனாலும் போவதற்கு முதல் நாளே "காலையில் நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் டாக்டர்" என்று சொல்லிவிடுங்கள். பானெட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சாவியை வாங்குங்கள்.

நொய்யல்காரன் | கோவை

ஈரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். கூடவே ஸ்கேனரோடு ஒரு மெக்கானிக் நண்பரையும் அழைத்துப் போனேன். டாக்டர் லிஃப்டில் ஏற்றவும் பிளக் கழற்றவும் முகம் சுளிக்காமல் சம்மதித்தார். "நான்கூட பேஷன்ட்டைத் தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதறதில்லை" என்றார்.

பானெட் ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் சுத்தம். கிளாம்ப் எல்லாம் ஸ்பிரிங் ரகம். காயில் கறுப்புத் தலைதான், பிளக் கம்பெனிப் பார்ட் நம்பர். எக்ஸாஸ்ட் முழுக்க ஒரே நிறம். ரெடினெஸ் எல்லாம் முடிந்திருக்கிறது. இசியு எழுதிய எண்ணிக்கை 1 என்று காட்டியது, கொஞ்சம் திக்கென்றது. 2019 சர்வீஸ் பில்லில் 'இன்ஜின் கண்ட்ரோல் யூனிட் சாஃப்ட்வேர் அப்டேட்' என்று ஒரு வரி இருக்கிறது. டாக்டர் சர்வீஸ் சென்டருக்கு என் எதிரிலேயே போன் போட்டார், டிடி1 இல்லை என்று சொன்னார்கள்.

ஸ்கேனில் பல யூனிட்களில் 'மின்னழுத்தம் குறைவு' என்று பழைய ஃபால்ட். எல்லாவற்றிலும் 17 ஆயிரத்துச் சொச்சம் கி.மீ. பதிவாகியிருக்கிறது. 2020 ஊரடங்கில் கார் நின்று பேட்டரி செத்ததாம். அந்த வருட சர்வீஸ் பில்லிலும் ஏறக்குறைய அதே கி.மீ. ஓடோமீட்டர் பற்றிய சந்தேகம் அதோடு போய்விட்டது.

பெயின்ட் மீட்டரில் எல்லா இடமும் 100 முதல் 130 மைக்ரான். பின்பக்க இடது கதவு மட்டும் 280, அதாவது மறுபடி பெயின்ட் அடித்தது. கேட்டில் உரசியதாம், கிளெய்ம் விவரத்தில் அதே கதவு இருக்கிறது.

இனி குறைகள். கூலன்ட் மினிமம் கோட்டுக்குக் கீழே. இன்டேக் மானிஃபோல்டுக்கு அடியில் காய்ந்த இளஞ்சிவப்புப் படிவு. பின் டயர் இரண்டிலும் 4817 என்று இருக்கிறது, அதாவது 2017-ன் 48-வது வாரம். பக்கச் சுவரில் வெடிப்பு. 2021-க்கும் 2022-க்கும் நடுவில் பதினெட்டு மாத இடைவெளியில்தான் ஆயில் மாற்றியிருக்கிறார், மற்றபடி வருடா வருடம் பில் இருக்கிறது. கடைசியாக, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே கழுவிப் போடும் ரகப் பருத்தி ஃபில்டர்! கேட்டதற்கு, "அது பையன் வாங்கிப் போட்டது, பழசு பரண்மேல இருக்கு" என்கிறார்.

பூஸ்ட் பிரியன் | சென்னை

ஹா ஹா, ஒரு ஸ்க்ரூகூட மாற்றவில்லையாம்! பையன் வாழ்க. என் கட்சிக்கு ஈரோட்டில் ஒரு தொண்டர் இருக்கிறார்.

ஸ்பேனர் அண்ணாச்சி | திருப்பூர்

ஃபில்டரை விடுங்கள். பேப்பர் ஃபில்டரை வாங்கிப் போட்டால் அதோடு சரி. அந்த ஃபில்டரில் எண்ணெய் அதிகமாகத் தடவியிருந்தால் காற்றை அளக்கும் சென்சார்ப் பக்கம் படியும், அதை மட்டும் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

கூலன்ட்தான் உண்மையான விஷயம். இந்த இன்ஜினில் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் ஹவுசிங் மானிஃபோல்டுக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறது. சூட்டில் வளைந்து சீலில் கசியும். ஸ்டாக் கார், ரீமேப் கார் என்று அது பேதம் பார்ப்பதில்லை, வயது போதும். சின்னக் கசிவுதானே என்று டாப்அப் செய்துகொண்டே ஓட்டினால் ஒரு நாள் கொடைக்கானல் ஏற்றத்தில் சிவப்பு விளக்கு எரியும். முழு யூனிட்டையும் மாற்றுங்கள், சீலை மட்டும் மாற்றுவது வீண் கூலி.

பதினெட்டு மாத ஆயில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு முறை நடந்ததற்காகக் காரை ஒதுக்கமாட்டேன். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தீர்களா? தேன் நிறம் என்றால் பிரச்சினை இல்லை, கறுத்த பிசின் மாதிரி இருந்தால் யோசிக்க வேண்டும்.

நொய்யல்காரன் | கோவை

பார்த்தோம் அண்ணாச்சி, இளம் பழுப்புதான். பிசின் இல்லை.

ஆர்சி புக் | மதுரை

அப்படியென்றால் பேரத்துக்கு உட்காருங்கள். பின் டயர்கள், கூலன்ட் ஹவுசிங் இரண்டுக்கும் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி மேசையில் வையுங்கள். "மார்க்கெட்டில் இவ்வளவுதான் போகுது டாக்டர்" என்று பேச ஆரம்பித்தால் அவரும் நாலு விளம்பரத்தைக் காட்டுவார். ஆர்எஸ் 230 எண்ணிக்கையில் குறைந்த கார், 2020-ல் வந்த ஆர்எஸ் 245 இந்தியாவுக்கே 200 கார்தான். இணையத்தில் கேட்கிற விலையெல்லாம் விலைதான். எஸ்டிமேட்டை யாரும் மறுக்க முடியாது.

ஸ்டாக் என்பதற்காக அவர் கேட்கும் கூடுதல் தொகையில் கை வைக்காதீர்கள். அதற்கான ஆதாரத்தை அவர் பில்லாகவே காட்டிவிட்டார்.

பூஸ்ட் பிரியன் | சென்னை

ஒரு தகவல். என் நண்பன் போய் அந்தச் சிவப்புக் காரைப் பார்த்தான். டியூன் செய்த இடத்தின் பில் இல்லை, லாக் இல்லை, டிஎஸ்ஜி ஆயில் எப்போது மாற்றியது என்றும் தெரியவில்லை. ரீமேப் காருக்கு நான் இன்னமும் வக்கீல்தான், ஆனால் இந்தக் கேஸை எடுக்கமாட்டேன்.

நொய்யல்காரன் | கோவை

முடிந்துவிட்டது. எஸ்டிமேட்டைக் காட்டியதும் டாக்டர் டயர் செலவு முழுவதையும் குறைத்தார், ஹவுசிங்கில் பாதி. கூடுதலுக்கு நான் வாதாடவில்லை. அட்வான்ஸ் கொடுத்து, படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கியாயிற்று. வங்கி என்ஓசி 2023-லேயே வாங்கி ஆர்சியில் நீக்கிவிட்டார், அதனால் 35 தேவைப்படவில்லை. ஹவுசிங் மாற்றிய பிறகுதான் கோவைக்கு ஓட்டி வரப் போகிறேன். பரணில் இருந்த பழைய ஃபில்டர் எலி கடித்த நிலையில் கிடைத்தது, புதிதாக ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன்.

டிஎஸ்ஜி ஆயில் 60 ஆயிரத்தில் மாற்றினால் போதுமா, இப்போதே மாற்றிவிடலாமா?

ஸ்பேனர் அண்ணாச்சி | திருப்பூர்

வாழ்த்துகள் தம்பி. 60 ஆயிரம் என்பது கம்பெனிக் கணக்கு, ஆனால் ஏழு வருட எண்ணெய். ஹவுசிங் வேலைக்குக் கார் லிஃப்டில் ஏறும்போதே ஃபில்டரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். எங்கே கொடுத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள்: பெட்டிக்குள் எண்ணெய் வெப்பம் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஸ்கேனரில் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டேதான் அளவு பார்க்க வேண்டும். ஸ்கேனர் இல்லாமல் "ரொம்பி வழியுது, போதும்" என்று மூடுகிறவரிடம் கொடுக்காதீர்கள்.